ஆறு மணி நேரத்தில் பாதியாகும் பொருளை ஒப்பிடுவது எப்படி?

எலும்பு ஸ்கேனுக்கான தெக்னீசியம்-99எம் என்ற கதிர்வீசும் பொருளை நிரப்பிய ஊசிக் குழாயை, அதன் கதிர்வீச்சின் அளவைக் காட்டும் டோஸ் கலிபிரேட்டர் என்ற கருவியின் கிணறு போன்ற துளைக்குள் இறக்கினால், திரையில் 740 மெகா பெக்கரல் என்று வரும். ஒரு பெக்கரல் என்பது செக்கனுக்கு ஒரு சிதைவு. அப்படியானால் அந்தச் சிறிதளவு திரவத்துக்குள் செக்கனுக்கு 74 கோடி அணுக்கருக்கள் சிதைகின்றன. கருவி சொல்லும் இந்த எண்ணை எதை வைத்து நம்புவது?

கண்டியில் அணு மருத்துவப் பிரிவொன்றில் வேலைக்கு வருவதற்கு முன்பே இந்தக் கேள்வி எனக்குள் இருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அம்மாவின் கூடையை நிறுக்கும்போது, முள் நின்ற இடத்துக்கும் துண்டில் விழுந்த கணக்குக்கும் ஒன்றிரண்டு கிலோ வித்தியாசம் இருக்கும். அதனால் அரைப் பேராகி, பாதிச் சம்பளமே கிடைத்த நாட்களும் உண்டு. அந்தத் தராசைச் சரிபார்க்க இன்னொரு தராசு எங்களுக்குக் கிடைத்ததில்லை.

கதிர்த்தொழிற்பாட்டுக்கு, அதாவது அணுக்கருக்கள் சிதையும் வேகத்துக்கு, அந்த இன்னொரு தராசு இருக்கிறது. பாரிஸை அடுத்த செவ்ரில் உள்ள சர்வதேச நிறைகள் அளவைகள் பணியகம் 1976இல் தொடங்கிய ஒப்பீட்டு முறையில், தேசிய நியம ஆய்வுகூடங்கள் தாமே அளந்த கரைசலைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து அனுப்புகின்றன. கதிர்வீச்சை மின்னோட்டமாக மாற்றும் அயனாக்க அறைக்குள் அந்தக் குப்பி உண்டாக்கும் மின்னோட்டம், ரேடியம்-226 உண்டாக்கும் மின்னோட்டத்துடன் ஒப்பிடப்படுகிறது. ரேடியம் பாதியாக ஏறத்தாழ 1600 ஆண்டுகள் எடுப்பதால், இருபது ஆண்டு இடைவெளியில் இரு நாடுகள் அனுப்பிய குப்பிகளைக்கூட அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது.

அனுப்புவதற்கு முன் அந்த நாடு அளக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கோபால்ட்-60 சிதையும்போது பீட்டாவும் காமாவும் சேர்ந்தே வெளிவரும். பீட்டா உணரி 800, காமா உணரி 100, இரண்டும் ஒரே கணத்தில் 80 என்று எண்ணினால், பீட்டா உணரி கண்ட 800 சிதைவுகளில் பத்தில் ஒன்றைத்தான் காமா உணரியும் கண்டிருக்கிறது. ஆகவே 800ஐ 100ஆல் பெருக்கி 80ஆல் வகுக்க, நடந்த சிதைவுகள் 1000 என்று தெரிந்துவிடும். சிறு திருத்தங்கள் வேண்டியிருந்தாலும், உணரிகள் எத்தனை சிதைவுகளைத் தவறவிடுகின்றன என்று முன்கூட்டியே யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

தெக்னீசியத்துக்கோ குப்பி வழி உதவாது. ஆறு மணி நேரத்தில் பாதியாகும் பொருளில், ஒரு நாள் பயணம் முடியும்போது பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே கருவியே நாடு நாடாகச் செல்கிறது: கதிர்வீச்சை உணரும் கிணறு வடிவச் சோடியம் அயடைட்டுப் பளிங்கு ஒன்று, அது வழியில் மாறிவிடவில்லை என்று காட்ட, நீண்ட ஆயுளுள்ள நியோபியம்-94 மூலத்தோடு.

எங்கள் பிரிவில் காலையில் முதல் ஊசிக்கு முன், கருவியைச் சரிபார்க்கும் சீசியம்-137 மூலத்தைக் கிணற்றுக்குள் இறக்கி, வந்த எண்ணை வந்தபடியே பதிவேட்டில் எழுதுகிறேன்.