குளத்துக்கு எங்கே புள்ளி வைப்பது?

நான் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவன். பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் 28 பேரோடு சேர்ந்து, பள்ளியைச் சுற்றியுள்ள பழைய இடங்களையெல்லாம் மேப்பில் ஏற்றினோம். ஒரு பருவத்தில் முடியும் என்று கணக்குப் போட்டது இரண்டு பருவம் ஓடிவிட்டது. மென்பொருள் தின்ற நேரம் அதில் கொஞ்சம்தான். மீதியெல்லாம் திரும்பத் திரும்ப ஆட்களைப் போய்ப் பார்த்த நேரம். இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தொடக்க வகுப்பில் கணினியைத் திறக்கவே இல்லை. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் சாவுகளைத் தெருவாரியாகக் குறித்த வரைபடத்தைக் காட்டினேன். பிராட் தெருவின் தண்ணீர் பம்பைச் சுற்றிக் கறுப்புக் கோடுகள் அடர்ந்து கிடக்கும். அதே வட்டாரத்தில் இருந்த ஏழையர் விடுதியில் மட்டும் சாவு மிகக் குறைவு. அங்கே தனிக் கிணறு இருந்தது. “அடர்த்தியா இருக்கிற இடத்தை மட்டும் பார்க்காதீங்க, காலியா இருக்கிறதையும் பாருங்க” என்று சொல்லி வைத்தேன். அந்தப் பேச்சு பின்னால் எனக்கே திரும்பி வந்தது.

அப்புறம் ஐந்து குழுவாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு கேள்விகள்: பெயர் என்ன, அங்கே என்ன நடந்தது, எந்தக் காலத்தில், இதைச் சொன்னவருக்கு எப்படித் தெரியும்? நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். “நானே பார்த்தேன்” என்பதற்கும் “எங்க அப்பா சொல்வார்” என்பதற்கும் இடையில் உள்ள தூரம் பிள்ளைகளுக்கு அதில்தான் புரிந்தது.

இடத்தைக் குறிக்க அவரவர் வீட்டுக் கைப்பேசியே போதும். திறந்த வெளியில் அதன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும். உயர்ந்த சுவரை ஒட்டி நின்றால் சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து, புள்ளி எதிர்ப்பக்கத்துக்குத் தாவும். அதனால் தெருவின் நடுப்பக்கம் தள்ளி நின்று, அரை நிமிடம் பொறுத்து, திரையில் நீல வட்டம் சுருங்கிய பிறகு பதிவு செய்யச் சொன்னேன். ஒரு குழு எடுத்த 40 படங்களிலிருந்து இடவிவரம் முழுக்கக் காணாமல் போனது. அரட்டைச் செயலி வழியாகப் படமாக அனுப்பியிருந்தார்கள். அப்படி அனுப்பும்போது படத்தோடு ஒட்டியிருக்கும் விவரம் உதிர்ந்துவிடுகிறது. கோப்பாக அனுப்பினால் தங்கும். அந்த 40 இடத்துக்கும் மறுபடி நடந்தார்கள், பாவம்.

எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் சேர்த்து க்யூஜிஐஎஸ்ஸில் திறந்தோம். மேப் தயாரிக்கும் இலவச மென்பொருள், சாதாரணக் கணினியிலேயே ஓடுகிறது. திறந்ததும் வகுப்பே அமைதியாகிவிட்டது. எங்கள் புள்ளிகளில் சில 22 கிலோமீட்டர் தள்ளிக் கிடந்தன. காரணம் கண்டுபிடிக்க ஒரு பாடவேளை முழுக்க ஆனது. பழைய ஆவணம் ஒன்றில் டிகிரி, நிமிடம் என்று இருந்ததைத் தசமமாக எழுதும்போது 30 நிமிடத்தை .30 என்று போட்டிருக்கிறார்கள். 60 நிமிடம் ஒரு டிகிரி என்பதால் அது .5 ஆக வேண்டும். விட்டுப்போன 0.2 டிகிரிதான் அந்த 22 கிலோமீட்டர். ஒரு புள்ளி ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் மிதந்தது. இடம் தெரியாத கிணறு ஒன்றுக்கு ஒரு பையன் 0, 0 என்று போட்டிருந்தான். அட்சரேகையும் தீர்க்கரேகையும் பூஜ்யமாகும் இடம் அந்தக் கடல்தான். “தெரியலைன்னா என்ன சார் போடறது?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியைத் தீர்த்து வைத்தது குளம்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு பெரிய குளம் இருந்தது, மூடி வீடு கட்டிவிட்டார்கள் என்று மூன்று முதியவர்கள் சொன்னார்கள். மூவர் சொன்னதையும் கேட்டுப் பிள்ளைகள் மூன்று புள்ளி வைத்தார்கள். ஒன்றுக்கொன்று நூறு நூற்றைம்பது மீட்டர் இடைவெளி. எந்த இரண்டை அழிப்பது என்று குழுவுக்குள் சண்டை. அழிக்க வேண்டாம், மூவரையும் மறுபடி பாருங்கள் என்று அனுப்பினேன். இந்த முறை இன்றைய தெருக்களைப் பெரிய தாளில் அச்சடித்து எடுத்துப் போனார்கள்.

மூவரில் மூத்தவரான பாட்டியின் வீட்டுக்கு நானும் போயிருந்தேன். தாளைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்தார். “இதுல ஒண்ணும் புரியலையே கண்ணு, நம்ம வாசல் எங்கே?” என்றார். ஒரு மாணவி சட்டென்று தாளை வாங்கித் தரையில் விரித்து, தெருவும் வாசலும் இருக்கும் திசைக்கே அதைத் திருப்பி வைத்தாள். “பாட்டி, இதோ நம்ம வாசல். இப்படியே நேரா நடந்தா இந்த முனை.” பாட்டி குனிந்து அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். விரல் முனை வரை போய், இடப்பக்கம் திரும்பி, ஓரிடத்தில் நின்றது. “இங்க படிக்கட்டு. துணி துவைக்க இங்கதான் இறங்குவோம்.” அங்கிருந்து விரல் ஒரு பெரிய வளைவு போட்டுப் படிக்கட்டுக்கே வந்து சேர்ந்தது. “மழைக்கு இவ்வளவு. கோடையில இதுல பாதிகூட இருக்காது.” மேப்பை எப்போதும் வடக்கு மேலே இருக்கும்படி மாட்டித்தான் பாடம் நடத்தியிருக்கிறேன். திசைக்குத் திருப்பி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது.

மற்ற இருவரும் விரலால் வரைந்ததைச் சேர்த்துப் பார்த்தால் மூவர் சொன்னதும் சரிதான். ஒருவர் படிக்கட்டைக் குளம் என்றார், ஒருவர் எதிர்க்கரையை, ஒருவர் மழைக்காலத் தண்ணீர் வந்து நின்ற எல்லையை. புள்ளி வைத்ததுதான் தவறு, குளம் ஒரு பரப்பு. உள்ளே கோடைக்கால எல்லை, வெளியே மழைக்கால எல்லை என இரண்டு வடிவம் வரைந்தோம். இருவர் ஒத்துச் சொன்ன பக்கம் முழுக்கோடு, ஒருவர் மட்டும் சொன்ன பக்கம் விட்டு விட்டுப் போட்ட கோடு. அட்டவணையில் “எவ்வளவு உறுதி” என்று ஒரு பத்தி புதிதாக முளைத்தது. கடலில் மிதந்த கிணற்றுக்கும் அதில் இடம் கிடைத்தது: “இந்தத் தெருவுக்குள் எங்கோ, சரியான இடம் தெரியாது.”

இதற்குப் பிறகுதான் பழைய அளவை வரைபடம் ஒன்றின் ஸ்கேன் கையில் கிடைத்தது. அதை இன்றைய மேப்பின் மேல் பொருத்துவதற்கு இரண்டிலும் மாறாமல் இருக்கும் இடங்களை இணை இணையாகக் காட்ட வேண்டும். எளிய முறைக்கு 3 புள்ளி இருந்தாலே மென்பொருள் ஒப்புக்கொள்ளும். பிள்ளைகள் ரயில் நிலையத்தை ஒட்டி 4 புள்ளி வைத்துவிட்டு, பிழை மிகக் குறைவு என்று மகிழ்ந்தார்கள். அந்த மூலை அழகாகப் பொருந்தியது, எதிர் மூலையோ 200 மீட்டர் விலகி நின்றது. புள்ளிகள் தாள் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். பாலம், தண்டவாளங்கள் சந்திக்கும் இடம், பழைய கட்டடத்தின் மூலை ஆகியவை நல்லவை. ஆற்றங்கரையை நம்பக் கூடாது, ஆறு நகரும். ஒன்பது புள்ளியில் ஓரளவு படிந்தது.

படிந்ததும் குளம் தெரிந்தது. கத்தினார்கள். பாட்டி போட்ட வளைவுக்குள்ளேயே, ஆனால் அதைவிடச் சிறியதாக இருந்தது. “அப்ப மேப்தான் சார் கரெக்ட், பாட்டி கூட்டிச் சொல்லியிருக்காங்க” என்றான் ஒருவன். தாளின் ஓரத்தைப் படிக்கச் சொன்னேன். அளந்த ஆண்டு ஒன்று, அச்சிட்ட ஆண்டு வேறு. எந்த மாதத்தில் அளந்தார்கள் என்று எங்குமே இல்லை. அளக்க வந்தவர் தன் கண்ணுக்குத் தெரிந்த தண்ணீரை வரைந்திருப்பார். பாட்டி ஆயுளில் பாதியை அந்தக் கரையில் கழித்தவர். இரண்டையும் தனித்தனி அடுக்காக வைத்தோம், பார்ப்பவர் மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

பொதுவெளியில் போடும் முன் சொன்னவர்கள் எல்லோரிடமும் மறுபடி சம்மதம் வாங்கினோம். ஒரு பெரியவர், தன் குடும்பம் வீட்டைக் காலி செய்ய நேர்ந்த கதையை மனம்விட்டுச் சொல்லியிருந்தார். கதை இருக்கட்டும், வீடு தெரிய வேண்டாம் என்றார். பொதுப் பதிப்பில் அத்தகைய இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்தோடு நிறுத்தினோம். அப்போது இடம் சுமார் 100 மீட்டர் வட்டாரத்துக்குள் மங்கிவிடுகிறது. இந்த வேலையைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும்.

இன்றும் நிற்கும் கட்டடங்களை, யார் வேண்டுமானாலும் சேர்க்கக்கூடிய இணைய மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்தோம். இல்லாமல் போனவற்றுக்கு அங்கே இடமில்லை, அவற்றுக்கு ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்று தனியாக இருக்கிறது. கூகுள் மேப்பைப் பார்த்து நகலெடுத்து இவற்றில் போடக் கூடாது, உரிமைச் சிக்கல்.

முடிந்தது என்று நினைத்துச் சுவரில் மாட்டிய அன்று, 0, 0 போட்ட அதே பையன் கேட்டான்: “சார், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையே?” அங்கே பழையது எதுவும் இருக்காது என்றுதான் எனக்கு வாயில் வந்தது. “அங்கிருந்து நம்ம வகுப்புல யாரும் வரலை சார். நாம யாரையும் கேட்கலை” என்றான். உண்மை. 28 பேரும் அவரவர் தெருவிலிருந்தே தொடங்கியிருந்தார்கள். எங்கள் மேப் ஊரின் பழைமையைக் காட்டிய அளவுக்கு, என் மாணவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதையும் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் பருவம் முழுக்க அந்தப் பக்கம்தான் போனோம். 17 இடங்கள் கிடைத்தன. அதில் ஒன்று, தொழிலாளர் பிள்ளைகளுக்காக அவர்களே நடத்திய இரவுப் பள்ளி. நாங்கள் தேடிய எந்த அச்சுப் புத்தகத்திலும் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கே படித்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

குளத்தின் மேற்குக் கரை இன்னும் விட்டு விட்டுப் போட்ட கோடாகவே இருக்கிறது. அந்தப் பக்கம் குடியிருந்த குடும்பம் ஒன்று இப்போது எங்கே இருக்கிறது என்று போன வாரம் தெரிய வந்தது. அடுத்த பதினொன்றாம் வகுப்புக்கு அந்த வீட்டின் முகவரியையும், மடித்து வைத்த அந்தப் பெரிய தாளையும் கொடுக்கப்போகிறேன்.