குற்றவியல்தான் படிக்க வேண்டுமா?

அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டில் இருக்கும் என் அக்கா மகள், எஃப்.பி.ஐ. ஏஜென்ட் ஆக வேண்டும், ஆகவே கல்லூரியில் குற்றவியலை முதன்மைப் பாடமாக எடுக்கப்போகிறேன் என்று சென்ற மாதம் அறிவித்தபோது, வீட்டில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் அது ஒப்பவில்லை. அவளுடைய ஆசையில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை, பாடத்தில்தான் தெரிந்தது. கணக்கியலை முதன்மைப் பாடமாக எடு என்றேன்.

எஃப்.பி.ஐ. ஒரு இளநிலைப் பட்டத்தைக் கேட்கிறதே தவிர, அது எந்தத் துறையில் இருக்க வேண்டும் என்று வரையறுப்பதில்லை. அதைவிட முக்கியமானது, பட்டம் பெற்ற பின் இரண்டு ஆண்டு முழுநேரப் பணி அனுபவமும் வேண்டும் என்பது. முதுநிலைப் பட்டம் இருந்தால் ஓராண்டு போதும். குறைந்தபட்ச வயது 23. பொதுவாக 37 நிறைவதற்குள் பணியில் சேர்ந்துவிட வேண்டும். (20 ஆண்டுப் பணி முடித்தவர்கள் 57 வயதில் கட்டாயமாக ஓய்வு பெற வேண்டும் என்பதால் வந்த கணக்கு இது.) ஆக, கல்லூரியை விட்டு வெளியே வரும் பெண்ணை எஃப்.பி.ஐ. உடனே அழைத்துக்கொள்ளப் போவதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அவளுக்குச் சோறு போடும் வேலையை அந்தப் பட்டம்தான் வாங்கித் தர வேண்டும். உடல்தகுதித் தேர்விலோ பொய்யறியும் சோதனையிலோ பின்னணி விசாரணையிலோ வாய்ப்புத் தவறிப்போனால், வாழ்நாள் முழுவதற்கும் அதுவே துணை. அரசு உத்தரவாதமுள்ள கல்விக்கடனைக் கட்டத் தவறியவர்களை எஃப்.பி.ஐ. சேர்ப்பதே இல்லை என்பதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

கைது, சோதனை, துப்பாக்கி, சட்டத்தின் எல்லைகள் ஆகியவற்றை எஃப்.பி.ஐ. தன் குவாண்டிகோ பயிற்சிக்கூடத்திலும், வேறு பல மத்திய அமைப்புகள் ஜார்ஜியா மாநிலத்தின் கிளின்கோவிலும் தாங்களே கற்பித்துவிடுகின்றன. அங்கே கற்றுத்தர முடியாதது, ஒரு நிறுவனத்தின் பேரேட்டைப் பார்த்ததும் எந்த வரி பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கும் பழக்கம். கொலைகளுக்கும் கள்ளச்சாராயத்துக்கும் பெயர்போன அல் கபோனை 1931இல் 11 ஆண்டுச் சிறைத்தண்டனைக்கு ஆளாக்கியது வரி ஏய்ப்பு வழக்குதான் என்று சொன்னபோது, “மாமா, அப்படியானால் கணக்கரா அவனைப் பிடித்தார்?” என்று சிரித்தாள். ஏறத்தாழ அப்படித்தான். அந்த மரபில் வந்த அமெரிக்க வருமான வரித்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவு, படிப்பின் வழியாகச் சேருவோரிடம் கணக்கியலில் 15 கிரெடிட்டும் (கல்லூரிப் பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு), நிதி, பொருளியல், வணிகச் சட்டம் போன்றவற்றில் 9 கிரெடிட்டும் எதிர்பார்க்கிறது.

கணினி அறிவியலும் கணக்கியலுக்கு ஈடான தேர்வே. ஆனால் அவளுக்கு அதில் நாட்டமில்லை. பிடிக்காத பாடத்தில் மதிப்பெண் சரிவதைவிடக் குற்றவியலே மேல்.

குற்றவியலைத் துணைப் பாடமாக வைத்துக்கொள்ளலாமா என்று நேற்றுக் கேட்டாள், நான் மறுக்கவில்லை. கல்லூரியின் பாடத்திட்டத்தை விரித்து வைத்துக்கொண்டு, அந்த 24 கிரெடிட்டும் எந்தெந்தப் பருவத்தில் முடியும் என்று இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறாள்.