புனோம் பென்: கணக்கு வாத்தியார் நடத்துன ஜெயில்

கம்போடியால சியெம் ரீப்ல இருந்து தலைநகர் புனோம் பென்னுக்கு பஸ். ஆறு மணி நேரம்னான், எட்டரை ஆச்சு. ஏசி தண்ணி நேரா என் தலைல சொட்டுது, சீட்டு மாத்திக் குடுப்பான்னு கேட்டா அந்தப் பையன் டிஷ்யூ பேப்பர குடுத்துட்டு சிரிக்கிறான். 14 டாலர் குடுத்து நனைஞ்சுகிட்டே வந்தேன். ரூட்டு, ரூம், செலவுன்னு வரிசையா எழுதறேன்னு போன பதிவுல சொல்லியிருந்தேன், மன்னிச்சுக்கங்க, துவோல் ஸ்லெங்னு, கெமர் ரூஜ் ஆட்சில சித்திரவதை ஜெயிலா இருந்து இப்ப மியூசியமா இருக்கற இடத்தப் பாத்துட்டு வந்ததுல இருந்து வேற எதுவும் எழுத ஓடல.

அது முன்னாடி ஒரு ஹைஸ்கூல். உள்ள நுழைஞ்சதுமே வயித்த என்னவோ பண்ணிடுச்சு, ஏன்னா நம்மூர் கவர்மெண்ட் ஸ்கூல் அப்படியே நிக்குது, நீள வராண்டா, வரிசையா கிளாஸ் ரூம், நடுவுல மைதானம். மைதானத்துல பசங்க எக்சர்சைஸ் பண்ண நட்ட கம்பம் இருக்கு, அதுல ஆளுங்கள தலைகீழா கட்டித் தொங்கவிட்டு மயக்கம் போட்டதும் கீழ இருக்கற சாக்கடைத் தண்ணிப் பானைக்குள்ள தலைய அமுக்கியிருக்கானுங்க. முதல் பில்டிங்ல ஒவ்வொரு ரூமுலயும் ஒரு இரும்புக் கட்டில், ஒரு கால் விலங்கு, சுவத்துல ஒரு போட்டோ. போட்டோல அதே கட்டில், மேல பிணம். கட்டிலையும் போட்டோவையும் மாறி மாறிப் பாத்துட்டு நான் வெளில வந்து உக்காந்துட்டேன். பக்கத்துல ஒரு ஜோடி செல்ஃபி எடுத்துட்டு இருந்துச்சு, கடுப்பாயிடுச்சு.

எஸ்-21ங்கறது இந்த ஜெயிலுக்கு அவனுங்க வச்ச பேரு. இதுக்கு தலைவன் டுச், நெஜப் பேரு காங் கெக் இயூ. ஆளு கணக்கு வாத்தியார்! நாடு முழுக்க நடந்த பரீட்சைல ரெண்டாவதா வந்த படிப்பாளி. எங்கப்பாவும் கணக்கு வாத்தியார்தான், அதனாலயோ என்னவோ அத கேட்டதுல இருந்து ஆடியோ கைடு மத்தது சொன்னது எதுவும் சரியா ஏறல. 1975 ஏப்ரல் 17ல போல் பாட்டோட கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜ் ஆட்சிக்கு வருது, 1979 ஜனவரி 7ல வியட்நாம் படை தலைநகருக்குள்ள வர வரைக்கும் நாலு வருஷம்கூட இல்ல, அதுக்குள்ள நாட்டுல சுமார் 17 லட்சம் பேருக்கு மேல பட்டினி, வேலை, நோய், கொலைன்னு போயிட்டாங்க. இந்த ஒரு ஸ்கூல்ல மட்டும் குறைஞ்சது 12,000 பேருக்கு மேலன்னு பின்னாடி டுச்ச விசாரிச்ச கோர்ட்டே சொல்லுது. வந்தவங்கள உக்கார வச்சு போட்டோ புடிச்சு, நம்பர் போட்டு, அடிச்சு, நான் சிஐஏ உளவாளி, கேஜிபி உளவாளின்னு எழுதி வாங்கியிருக்கானுங்க. அந்த வாக்குமூலத்த டுச் உக்காந்து படிச்சு மார்ஜின்ல சிவப்பு இங்க்ல குறிப்பு எழுதுவானாம். இது போதல, இன்னும் விசாரின்னு. பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரியேதான்! கொல்லணும்னா 'நொறுக்கு'ன்னு ஒரே வார்த்தை. பெயிண்டிங் தெரிஞ்ச வான் நாத், மெஷின் ரிப்பேர் தெரிஞ்ச சும் மேய்னு கைத்தொழில் வச்சிருந்த சில பேரு பொழச்சாங்க, அவ்ளோதான்.

ஆட்சி கவுந்ததும் தப்பிச்சுப் போன டுச் பேர மாத்திக்கிட்டு, கிறிஸ்டியனா மாறி, அகதிகளுக்கு உதவி பண்ற வேலைல இருந்திருக்கான். 1999ல ஒரு போட்டோகிராபர் அடையாளம் கண்டுபுடிச்சார். கோர்ட்டுல அழுதான், மன்னிப்புக் கேட்டான், கடைசி நாள்ல என்ன விட்டுடுங்கன்னும் கேட்டான் பாருங்க, எனக்கு அதுதான் தாங்கல. 2010ல 35 வருஷம், கழிவெல்லாம் போக 19தான் மிச்சம்னு தீர்ப்பு வந்ததும் பாதிக்கப்பட்டவங்க கொதிச்சுட்டாங்க, 2012ல அப்பீல்ல ஆயுள் ஆச்சு. 2020ல 77 வயசுல செத்தான்.

அங்கிருந்து 15 கிலோமீட்டர்ல சோயுங் ஏக், எஸ்-21 ஆளுங்கள ராத்திரில லாரில ஏத்திட்டுப் போயி கொன்ன இடம். குண்டு மிச்சம் பண்ணணும்னு மண்வெட்டி, இரும்புத் தடி. மழை பேஞ்சா இன்னமும் மண்ணுக்கடில இருந்து எலும்பும் துணியும் மேல வருதாம். நான் ஒரு நீலத் துணி ஓரத்தப் பாத்தேன், காலத் தூக்கி வச்சுட்டு அப்படியே நின்னுட்டேன்.

வெளில வந்தா டுக்டுக்காரன் அடுத்த கச்சேரி. 15 டாலர் பேசுனது, இப்ப வெயிட்டிங் சேத்து 25 குடுங்கறான். பத்து நிமிஷம் சண்ட போட்டு 18ல முடிஞ்சுது. அதுலயும் ஒரு நோட்டு ஓரத்துல அரை இன்ச் கிழிஞ்சிருக்குன்னு வாங்க மாட்டேங்கறான், இங்க கிழிஞ்ச டாலர் எங்கயுமே போணியாகாது, சென்னைல மாத்தும்போதே நோட்ட ஒவ்வொண்ணா பாத்து வாங்கிடுங்க.

அன்னிக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல. மறுநாள் காலைல தெருவோரம் ஒரு அக்கா போட்ட குய் தியவ் நூடுல்ஸ் சூப், ஒன்றரை டாலர், மேல வறுத்த பூண்டு, எலுமிச்ச பிழிஞ்சு ரெண்டு கிண்ணம் காலி. அப்பா போன் பண்ணி ஊரு எப்படிடான்னாரு. சூப் நல்லாருக்குன்னு சொன்னேன், மத்தத சொல்லல.