ஹாட் டெஸ்க்கில் ஒரு மாதம்

வீட்டிலிருந்தே வேலை பார்த்து முதுகும் போச்சு, பொறுமையும் போச்சு. பல பேர் வாடகை கொடுத்துப் பகிர்ந்து வேலை பார்க்கிற கோவொர்க்கிங் இடம் ஒன்றில் சேரலாம் என்று போனேன். ஒரு நாளுக்கான டே பாஸ், நிரந்தர இடமில்லாத ஹாட் டெஸ்க், நமக்கென்றே ஒரு மேசை தருகிற டெடிகேட்டட் டெஸ்க், தனி கேபின் என்று நான்கு பிளான் சொன்னார்கள். ஒற்றை ஆளுக்குக் கேபின் எதற்கு? அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஹாட் டெஸ்க் மாதக் கட்டணத்தை ஒரு நாள் பாஸின் விலையால் வகுத்தால் 11 வந்தது. அதாவது மாதம் 11 நாளுக்கு மேல் போனால்தான் லாபம். என் சுறுசுறுப்பின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால், முதல் இரண்டு வாரம் டே பாஸில் போய்ப் பார்த்தேன். 7 நாள் போயிருந்தேன். சரி, ஹாட் டெஸ்க் என்று முடிவு செய்தேன்.

அந்தக் கணக்கில் நாட்களை மட்டும்தான் எண்ணியிருந்தேன். ஹாட் டெஸ்க்கில் எந்த நாற்காலி காலியோ அதுதான் நம்முடையது. ஒன்பது மணிக்குப் போனால் ஜன்னலோரம், பத்தரைக்குப் போனால் காபி மெஷின் பக்கத்து ஸ்டூல். சாப்பிடப் போகும்போது துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலையெல்லாம் அங்கே செல்லாது. கீபோர்டும் சார்ஜரும் தினமும் தோளில் ஏறி இறங்கின.

பெரிய அடி மீட்டிங் ரூமில் விழுந்தது. பிளானில் மாதம் 4 மணி நேரம் இலவசம். வாடிக்கையாளரோடு வாரம் இரண்டு முறை, தலா 40 நிமிடம் பேசுவேன். மூன்று வாரமாவது தாங்கும் என்று நினைத்தால், புக்கிங் அரை மணிக் கணக்கில்தான். 40 நிமிடம் பேசினால் ஒரு மணி நேரம் கழியும். இரண்டே வாரத்தில் காலி! போன் பூத் (தனியாகப் பேசுவதற்கான குட்டி அறை) இலவசம்தான், ஆனால் உள்ளே காற்று வராது. மாதக் கடைசியில் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால், 8 மணி நேர மீட்டிங் ரூமும் பூட்டுள்ள டிராயரும் தருகிற டெடிகேட்டட் டெஸ்க்கை விட அதிகம் கொடுத்திருந்தேன்.

டெடிகேட்டட் டெஸ்க்குக்கு மாறினால் மூன்று மாத லாக்-இன், அதாவது அதுவரை விலக முடியாது; விலக ஒரு மாத நோட்டீஸ். நோட்டீஸ் லாக்-இனுக்குள்ளேயே அடங்குமா, அதற்கு அப்புறம் தொடங்குமா என்று கேட்டேன். அடங்கும் என்றார்கள். அதை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். கையெழுத்துக்கு முன் காட்டிய மேசையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தும் பார்த்தேன். ஏசி காற்று நேராகப் பிடரியில் அடித்தது. தூணோரமாக வேறொன்றைக் கேட்டு வாங்கினேன். இப்போது கீபோர்டு அதன் டிராயரில்தான் தூங்குகிறது.