மூன்று கொட்டேஷன்

ஒரு மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் எனக்கு வேலை. விஞ்ஞானம் தெரியாது, பொது நிதி விதிகள் தெரியும். ஆய்வகத்துக்கு என்ன வேண்டுமானாலும் என் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

சில வருடங்களுக்கு முன் முனைவர் பட்ட மாணவி ஒருவர் ஆன்டிபாடி வேண்டுமென்று இன்டென்ட், அதாவது கொள்முதல் கோரிக்கை, கொண்டுவந்தார். செல்லில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காண உதவும் பொருளாம். ஒரு சின்னக் குப்பி, விலை சுமார் 40,000 ரூபாய். அப்போதைய விதிப்படி, 25,000 ரூபாயைத் தாண்டினால் அரசுத் துறைகள் பொருள் வாங்கும் ஜெம் என்ற இணையதளத்தில் மூன்று உற்பத்தியாளர்களின் பொருளை ஒப்பிட்டு, குறைந்த விலைக்குத் தருபவரிடம் வாங்கவேண்டும். எங்கள் பேச்சில் எல்-1.

"சார், பேர்தான் ஒண்ணு. வேற கம்பெனியோடது என் செல்லுக்கு ஒத்து வராது" என்றார்.

"அப்படின்னா இது மட்டும்தான் வேணும்னு சான்று எழுதிக் கொடும்மா" என்றேன். எழுதினார், கைடு கையெழுத்தும் போட்டார். ஆனால் அதே பேரில் தளத்தில் மலிவாக ஒன்று கிடைத்ததால் நான்தான் கோப்பைத் திருப்பி அனுப்பினேன். தணிக்கையில் பதில் சொல்லவேண்டியது கைடு அல்ல, நான். கடைசியில் எல்-1தான் வந்தது. வேலை செய்யவில்லை. மறுபடி இன்டென்ட், மறுபடி காத்திருப்பு. நான்கு மாதம் போயிற்று. அவருக்கு உதவித்தொகை மொத்தமே ஐந்து வருடம். அதில் நான்கு மாதத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள், நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு 0.64 சதவீதம்தான் போகிறது என்று வருத்தப்படுவார்கள். நியாயம்தான். நேரு காலத்து 1958 அறிவியல் கொள்கைத் தீர்மானத்தில் தொடங்கி 1983, 2003, 2013 என்று கொள்கை ஆவணங்களும் வந்துகொண்டே இருக்கின்றன. 2023-இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் போட்டார்கள். ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி, அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரவேண்டுமாம். வரட்டும். என் மேசையிலிருந்து பார்த்தால், வந்த பணத்தையே செலவழிக்க முடியாமல் தவித்தவர்கள்தான் அதிகம். ஆய்வு நிதியின் தவணை பிப்ரவரியில் வரும், மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவழித்துவிட்டோம் என்று பயனீட்டுச் சான்று கேட்பார்கள். குளிர்பதனப் பெட்டிக்கு டெண்டர் விட நேரம் இருக்காது. பிரிண்டர் வாங்குவார்கள். எத்தனை பிரிண்டர்!

2025 ஜூனில் விதி தளர்ந்தது. ஆய்வுக் கருவிகளையும் பொருட்களையும் ஜெம்முக்கு வெளியே வாங்க இயக்குநரே அனுமதிக்கலாம்; அப்படி வெளியே கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பும் 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ஆயிற்று. புதுப் பணம் எதுவும் அறிவிக்காத சுற்றறிக்கை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆய்வகத்துக்கு இதைவிட உபயோகமான தாள் எதுவும் என் கைக்கு வந்ததில்லை.

போன வாரம் ஒரு மாணவர் இன்டென்ட் கொண்டுவந்தார். அதே மாதிரிக் குப்பி, ஏறக்குறைய அதே விலை. அன்று மாலையே கையெழுத்தாகிவிட்டது. ஆனாலும் கோப்பின் பின்னால் மூன்று கொட்டேஷன் குத்தியிருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"சீனியர் அக்கா சொன்னாங்க சார், இல்லேன்னா நீங்க திருப்பி அனுப்பிடுவீங்கன்னு."