டோக்கன் வாங்கிச் சொல்லவா?

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் பலர் அரசு ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சரி, அவர்கள் குடியிருக்கும் இடத்துக்கே போவோம் என்று 1979இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட, 'வெட் சென்டர்'கள், அதாவது முன்னாள் வீரர்களுக்கான மனநல ஆலோசனை மையங்கள், வந்தன. போர் போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்புக்கு பிடிஎஸ்டி என்ற பெயர் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியதே 1980இல்தான். நோய்க்குப் பெயர் வருமுன்பே பணம் வந்துவிட்டது, பாருங்கள்! இன்று சுமார் 300 மையங்கள். ஆலோசனை இலவசம், குடும்பத்துக்கும் உண்டு. ஆலோசகர்களில் பலர் முன்னாள் வீரர்கள்.

இங்கே 2003 முதல் இசிஎச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. கார்கில் போய்வந்த என் மாமா சர்க்கரை மாத்திரைக்கு மாதம் தவறாமல் அதன் கிளினிக்குக்குப் போவார். நடுராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்வதை மட்டும் சொன்னதில்லை. கேட்டால், "அதையெல்லாம் டோக்கன் வாங்கிட்டு நின்னு சொல்ல முடியுமாடா?" என்பார்.