மேடை இல்லாத கச்சேரி: டான்யூப் ஆற்றில் ஏழு இரவுகள்

கப்பலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு நான் அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “ஒவ்வொரு மாலையும் நேரடி இசை” என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்களே, வாசிப்பவர் யார், வாசிக்கப்போவது என்ன? இந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னவர் என் அக்கா. கும்பகோணத்தில் நாற்பது ஆண்டுகள் வீணை சொல்லிக்கொடுத்தவர். முழங்கால் வலி வந்த பிறகு, தினமும் ஓட்டல் மாறி, பெட்டி கட்டி, படி ஏறி இறங்கும் சுற்றுலா எதற்கும் வரமாட்டேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஒரே அறையில் பெட்டியைப் பிரித்துவைத்துவிட்டால் ஊர்கள் தாமாக ஜன்னலுக்கு வந்துசேரும் என்று நான் ஆற்றுக் கப்பலைப் பற்றிச் சொன்னபோதுதான் கொஞ்சம் இளகினார்.

பத்து நாள் கழித்து வந்த பதில் நேர்மையானதாக இருந்தது. ஏழு மாலைகளிலும் வாசிக்கப்போவது கப்பலிலேயே தங்கியிருக்கும் ஒரு கீபோர்டுக் கலைஞர். வியன்னாவில் ஓர் இரவு நான்கு வாத்தியக்காரர்களும் இரண்டு பாடகர்களும் கப்பலுக்கு வருவார்கள். புடாபெஸ்டில் ஓர் இரவு ஹங்கேரிய நாட்டுப்புறக் குழு வரும். ஆக, “ஒவ்வொரு மாலையும்” என்பதில் நாங்கள் எதிர்பார்த்த அர்த்தத்தில் கச்சேரி என்று சொல்லத்தக்கவை இரண்டுதான். இதைத் தெரிந்துகொண்டே ஏறியதால் முதல் நாள் மாலை எனக்கு ஏற்பட்ட எரிச்சல் அளவோடு நின்றது. இசைக்காகவே இந்தப் பயணத்தை யோசிப்பவர்கள் இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது விசா. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி ஆகிய நான்கும் ஷெங்கன் நாடுகள் என்பதால் ஒரே விசா போதும். எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் குழப்பம் வந்தது. நாங்கள் அணுகிய பயண முகவர், கப்பல் ஏறுவது ஜெர்மனியின் பாஸவ் நகரத்தில் என்பதால் ஜெர்மனியிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார். விதி அப்படி இல்லை. எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. எங்கள் கப்பல் ஏழு இரவுகளில் பாதிக்கு மேல் ஆஸ்திரிய எல்லைக்குள்தான் இருக்கப்போகிறது என்பதை நான் பயணத் திட்டத்தை வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணிக் காட்டிய பிறகே அவர் கோப்பை மாற்றினார். ஒவ்வோர் இரவும் கப்பல் எங்கே இருக்கும் என்று துறைவாரியாகக் குறிப்பிடும் கடிதம் ஒன்றைக் கப்பல் நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, ஓட்டல் முன்பதிவுக்குப் பதிலாக அதை இணைத்தோம். மற்றவை வழக்கமானவை: 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல், நாடு திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லக்கூடிய கடவுச்சீட்டு. கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி நேரம்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பாஸவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு மேற்கே ஷ்ட்ராவ்பிங் முதல் பில்ஸ்ஹோஃபன் வரை டான்யூப் அணைகளால் கட்டுப்படுத்தப்படாமல் ஓடுகிறது. கோடையில் தண்ணீர் குறைந்தால் கப்பல்கள் முதலில் சிக்கிக்கொள்ளும் இடம் அதுதான். அங்கே பயணிகளைப் பேருந்தில் ஏற்றி வேறு கப்பலுக்கு மாற்றுவது நடக்கக்கூடியது. நியூரம்பர்கில் தொடங்கும் பயணங்கள் அந்தப் பகுதியைக் கடந்தாக வேண்டும். பாஸவில் ஏறினால் அந்த ஒரு கவலை குறைகிறது. வெள்ளம் வந்தால் எங்கே ஏறினாலும் ஒன்றுதான்.

அறையைத் தேர்ந்தெடுப்பதில் அக்காவின் காதுதான் முடிவுசெய்தது. இந்தக் கப்பல்கள் 135 மீட்டர் வரை நீளமும் சுமார் 11.4 மீட்டர் அகலமும் கொண்டவை. மைன்–டான்யூப் கால்வாயின் 12 மீட்டர் அகல மதகறைகளுக்குள் (தண்ணீரை ஏற்றியோ வடித்தோ கப்பலை அடுத்த நீர்மட்டத்துக்குக் கொண்டுபோகும் அறைகள்) நுழைய வேண்டும் என்பதால் அகலம் இதைத் தாண்டுவதில்லை. பின்புறத்தில் எந்திரம் இரையும். முன்புறத்தில் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசை எந்திரம் துறைகளிலும் மதகுகளிலும் திடீரென்று உறுமும். இசை நடக்கும் கூடமும் முன்புறத்தில்தான் இருக்கிறது. ஆகவே நடுத்தளத்தில் நடுப்பகுதி அறையைக் கேட்டு வாங்கினோம். கீழ்த்தள அறைகள் விலை குறைவு என்றாலும், அங்கே திறக்க முடியாத சிறு ஜன்னலுக்குச் சற்றுக் கீழேயே தண்ணீர் இருக்கும். உணவு சைவம் என்பதையும், முட்டையும் மீனும் அதில் சேராது என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தோம். அது மே மாதம், வெள்ளை அஸ்பாரகஸ் பருவம்; ஏழு நாளில் அதை எத்தனை விதமாகச் சாப்பிட்டோம் என்பதற்குக் கணக்கில்லை. அக்கா கொண்டுவந்திருந்த பருப்புப் பொடி நான்காம் நாள் மேசைக்கு வந்துவிட்டது.

பாஸவில் டான்யூப், இன், இல்ஸ் ஆகிய மூன்று ஆறுகள் கலக்கின்றன. அங்குள்ள புனித ஸ்தேவான் பேராலயத்தின் ஆர்கன் என்னும் குழலிசைக் கருவிக்கு 17,974 குழாய்கள். மே முதல் அக்டோபர் வரை நண்பகலில் அரை மணி நேரம் அதை வாசிப்பார்கள் என்று படித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாட்களும் கிடையாது என்பதைப் படிக்கத் தவறிவிட்டேன். பிராங்க்பர்ட்டிலிருந்து ரயிலில் சனிக்கிழமை பிற்பகல் வந்துசேர்ந்தோம்; ஞாயிறு மாலை கப்பல். கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை அக்கா இரண்டு முறை வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்குக் கப்பல் நகர்ந்தது. பாதுகாப்புப் பயிற்சி முடிந்து, ஆறு மணிக்குக் கூடத்தில் கீபோர்டு தொடங்கியது. பெட்டிக்குள் பதிவுசெய்த தாளம், அதன்மேல் ஒரு கையால் மெட்டு. எல்லாப் பாட்டும் ஒரே எடையில் வந்தன. இதற்கா இவ்வளவு செலவு என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது கப்பல் யோகன்ஷ்டைன் மதகறைக்குள் நுழைந்தது. 24 மீட்டர் அகலமுள்ள அறையில் எங்கள் பக்கத்தில் இன்னொரு கப்பலும் வந்து நின்றது. இரண்டும் சேர்ந்தால் சுவருக்கு மிஞ்சுவது ஒரு மீட்டர் சொச்சம்தான். தண்ணீர் வடியத் தொடங்கியதும் ஜன்னலில் தெரிந்த மாலை வெளிச்சம் மெல்ல மேலே போய், பாசி படிந்து ஈரம் சொட்டும் கான்கிரீட் சுவர் கண்ணுக்கெதிரே வளர்ந்தது. முன்பக்க எந்திரம் உறுமியதில் மேசையிலிருந்த கோப்பைகள் கிலுகிலுத்தன. வாசித்தவர் தாளப்பெட்டியை நிறுத்திவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உறுமல் ஓயக் காத்திருந்தார். ஓய்ந்ததும் பெட்டியைத் திரும்பப் போடாமல் பக்கத்திலிருந்த பியானோவுக்கு மாறி, அந்த இருட்டுக்குள் ஷூபர்ட்டின் மெதுவான துண்டு ஒன்றை வாசித்தார். கப்பல் மறுபக்கம் வெளிச்சத்துக்கு வருவதற்குள் அது முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் அக்கா அவரிடம் போய், தாளப்பெட்டி இல்லாமல் பியானோ மட்டும் எப்போது வாசிப்பீர்கள் என்று கேட்கச் சொன்னார், மொழிபெயர்த்தது நான். அவர் சிரித்துவிட்டு, மாலையில் ஆட விரும்பும் விருந்தினர் அதிகம், பிற்பகல் தேநீர் வேளையில் வந்தால் வாசிக்கிறேன் என்றார். அதற்குப் பிறகு தேநீர் வேளையை நாங்கள் விட்டதே இல்லை. கேட்டால் கிடைக்கும் என்பது எனக்கு அதற்கு முன் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் மெல்க் மடம். பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த மஞ்சள் நிறப் பெருங்கட்டடம். அங்கிருந்து கிரெம்ஸ் வரை சுமார் 36 கிலோமீட்டர் பள்ளத்தாக்குக்கு வாஹாவ் என்று பெயர். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. படிக்கட்டுபோல் கல்வைத்துக் கட்டிய திராட்சைத் தோட்டங்களும் ஆப்ரிகாட் மரங்களும் இரு கரையிலும் நகர்ந்தன. அந்த இரண்டு மணி நேரமும் மேல்தளத்தில் எந்த இசையும் வைக்கவில்லை. நல்ல முடிவு என்று நினைத்தேன்.

வியன்னாவில் கப்பல்கள் ராய்க்ஸ் பாலத்தருகே நிற்கின்றன. பெரும்பாலும் இரண்டு மூன்று கப்பல்களை அருகருகே கட்டிவிடுவார்கள். அடுத்த கப்பலின் வரவேற்பறை வழியாக நடந்துதான் கரைக்குப் போக வேண்டும். திரைச்சீலையைத் திறந்தால் எதிர்க் கப்பலில் ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருப்பார். கரையிலிருந்து சற்று நடந்தால் ஃபோர்கார்டன்ஷ்டிராஸ மெட்ரோ நிலையம். யு1 தடத்தில் நான்காவது நிறுத்தம் நகரின் மையம். நகர அரங்கக் கச்சேரிக்குத் தனிக் கட்டணத்தில் அழைத்துப்போகும் திட்டமும் இருந்தது. கப்பலுக்கே குழு வரும்போது அக்காவின் முழங்காலை எதற்குச் சோதிப்பது என்று அதை விட்டுவிட்டோம். பகலில் நகரப் பூங்காவில் இசையமைப்பாளர் யோஹான் ஷ்ட்ராவ்ஸின் பொன்முலாம் பூசிய சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு பியானோ. கூடத்தில் மேடை என்று ஒன்று கிடையாது. நடன இடத்தின் ஓரத்தில் அவர்கள் நிற்க, எங்கள் நாற்காலி முதல் வயலினிலிருந்து ஆறடியில் இருந்தது. வில்லில் பூசிய குங்கிலியப் பொடி விளக்கொளியில் பறப்பது தெரிந்தது. கூரை தாழ்வு என்பதால் பாடகியின் உச்சக் குரல் சற்று அடைத்தாற்போல் கேட்டது. பாடல்களுக்கு அந்தக் கூடம் பொருந்தவில்லை என்பது என் கருத்து. வாத்தியங்களுக்குப் பொருந்தியது. மொசார்ட்டுக்குப் பிறகு, எல்லோரும் எதிர்பார்த்த, ஷ்ட்ராவ்ஸின் அந்த நீல டான்யூப் வால்ட்ஸ்; வால்ட்ஸ் என்பது மும்மூன்று அடியாக ஓடும் நடன இசை. 1867 பிப்ரவரியில் இதே நகரில் முதலில் ஆண்கள் பாடற்குழுவோடு அரங்கேறியது என்று அறிமுகம் செய்தார்கள். நாங்கள் பார்த்த ஆறு என்னவோ பழுப்பும் பச்சையும்தான்.

அக்கா தொடையில் திஸ்ரம், அதாவது மூன்றடித் தாளம், போட்டுக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். “கவனிச்சியாடி? ரெண்டாவது அடி முந்தி விழறது” என்றார். நான் உற்றுக் கேட்டேன். மூன்று அடிகள் சமமாக இல்லை. இரண்டாவது ஒரு மயிரிழை முன்னால் வந்து, மூன்றாவதுக்கு முன்பு சிறிது காற்று விடுகிறது. வியன்னாக்காரர்கள் வால்ட்ஸை அப்படித்தான் வாசிப்பார்கள் என்று செல்லோ வாசித்த பெண் பிறகு சொன்னார். நோட்டில் அப்படி எழுதியிருக்காதாம். இதே இசையை எத்தனையோ முறை பதிவில் கேட்டிருக்கிறேன். செல்லோக்காரர் முதல் அடியை இழுத்துவிட்டு மூச்சு வாங்குவதையும், வயலின்காரர் அந்த மூச்சைப் பார்த்து இரண்டாவது அடியை எடுப்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

புடாபெஸ்டில் மாலை கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே, குச்சியால் தட்டி வாசிக்கும் சிம்பலோம் என்ற வாத்தியம் வந்து இறங்கியது. நான்கு கால்கள் கொண்ட மேசைபோன்ற பெட்டி, நூற்றுக்கும் மேற்பட்ட தந்திகள், அதிர்வை அடக்கும் மிதிகட்டை. இந்தப் பெரிய வடிவத்தை 1874இல் இதே நகரில் ஷுண்டா என்பவர் உருவாக்கினார். நம் வடக்கத்திய சந்தூருக்கு உறவு. வாசிப்பவர் முதலில் தன் இரண்டு குச்சிகளின் நுனியில் இருந்த பழைய பஞ்சை உரித்துவிட்டு, புதுப் பஞ்சைச் சீராகச் சுற்றி, நூலால் கட்டினார். பிறகு சுருதி சேர்க்கத் தொடங்கினார். ஆற்று ஈரத்தில் தந்திகள் நிற்காது என்று சைகையால் காட்டினார். அக்கா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஏழு தந்திக்கே நாள்தோறும் கால் மணி நேரம் போகிறது, இவர் வாழ்நாளில் பாதியை முறுக்காணியிலேயே கழித்திருப்பார் என்றார். அன்று வாசித்த சார்தாஷ் என்ற ஹங்கேரிய நடன இசை விளம்பகாலத்தில் கனத்துத் தொடங்கி, கடைசியில் குச்சிகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் முடிந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் ஒலிபெருக்கியில் அறிவிப்பு: விளக்கொளியில் நாடாளுமன்றத்தைப் பார்க்க மேல்தளத்துக்கு வரவும். கூடம் இரண்டு நிமிடத்தில் காலியானது. கலைஞர்கள் நால்வரும் வாத்தியங்களை உறையிலிட்டுக்கொண்டிருந்தபோது அங்கே இருந்தவர்கள் நாங்கள் இருவரும் மேசை துடைத்த பணியாளரும்தான். நிகழ்ச்சி நிரல் வகுத்தவர்கள் அரை மணி நேரம் இடைவெளி விட்டிருக்கலாம்.

பிராட்டிஸ்லாவாவில் மழை, அரை நாளில் முடிந்தது. திரும்பும் வழியில் டூர்ன்ஸ்டைன். மலையுச்சியில் இடிந்து நிற்கும் கோட்டையில் 1192இல் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டைச் சிறைவைத்திருந்தார்கள். அவருடைய பாணர் ஒருவர் கோட்டை கோட்டையாகப் போய்ப் பாடி, மறுபாட்டு கேட்டு அவரைக் கண்டுபிடித்தார் என்பது கதை. வரலாறு அல்ல என்பதை வழிகாட்டியே சொன்னார். கடைசி இரவு பணியாளர்களுக்கான அன்பளிப்பு உறை அறைக்கு வந்தது. கீபோர்டுக் கலைஞருக்குத் தனியாக ஓர் உறை வேண்டும் என்று வரவேற்பறையில் கேட்டு வாங்கிக்கொண்டேன். பொது உறையில் போடுவது அவருக்கும் போய்ச்சேருமா என்பது எனக்குத் தெளிவாகவில்லை.

காலை ஒன்பது மணிக்குப் பாஸவில் இறங்கினோம். ரயிலுக்கு நேரம் இருந்ததால் பெட்டிகளை நிலையத்தில் வைத்துவிட்டு, பேராலயம் வரை மெதுவாக ஏறினோம். ஏழு இரவுப் பயணம் ஞாயிறு தொடங்கினால் ஞாயிறுதான் முடியும் என்ற கணக்கு, அதே கதவில் அதே அறிவிப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. “பேங்க்லதானே வேலை பார்த்தே?” என்றார் அக்கா.